சிப்பாய் என்னவாக ஆகலாம்?

உங்கள் வீட்டில் சதுரங்கப் பலகை இருக்கிறதா? இருந்தால் பெட்டியைத் திறந்து ஒரு சிப்பாயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பள்ளிக்கூடத்தில் 'சாத்தூர்' ஆடக் கற்றுக்கொண்டு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவனையோ அவளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அந்தச் சிப்பாயைப் பாருங்கள். பெட்டியிலேயே சிறிய காய் அதுதான். எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம். ஒரு பக்கத்துக்கு 8. முன்னால் மட்டுமே போகும், பின்வாங்கத் தெரியாது. ஆட்டம் தொடங்கியதும் முதலில் வெட்டுப்படுவதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் வேறெந்தக் காய்க்கும் இல்லாத ஓர் உரிமை அதற்கு உண்டு. எதிரியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது வேறு காயாக மாறிவிடும். ராணியாகவே ஆகிவிடலாம்!

இது எல்லாருக்கும் தெரிந்த விதிதானே என்பீர்கள். ஆனால் இந்த உரிமை சிப்பாய்க்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. அது என்னவாக ஆகலாம், எப்போது ஆகலாம், யாருடைய இடத்துக்கு ஆகலாம் என்று உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தகராறு செய்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் காய்களின் பெயர்களைப் பேசி வைத்துக்கொள்வோம். இல்லையேல் குழப்பம் வரும். மூலையில் நிற்பது தேர். அதை அடுத்தது குதிரை. அதற்கடுத்து, கோணலாக ஓடும் காய் யானை. நடுவில் ராஜாவும் ராணியும். (தமிழ்நாட்டில் பலர் மூலைக்காயை யானை என்பார்கள். நான் இங்குள்ள மலாய் வழக்கத்தை ஒட்டிச் சொல்கிறேன்.) மலாய்க்காரர்கள் மூலைக்காயை 'தீர்' என்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்முடைய 'தேர்'தான்! ராணியை அவர்கள் இன்றும் 'மெந்திரி' என்றே அழைக்கிறார்கள். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது.

மந்திரிப் பதவி, அதுவும் நொண்டி மந்திரி!

சதுரங்கம் பிறந்தது இந்தியாவில். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் அதன் பெயரிலேயே இருக்கிறது. அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய், பிறகு அரபு நாடுகளில் பெரும் கலையாக வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு ஆட்டக்காரர்கள் அதைப் பற்றி நூல் எழுதிவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் ராணி கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரி. இன்றைய ராணி பலகை முழுவதும் பறக்கிறாள் அல்லவா? அந்த மந்திரியோ கோணலாக ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். கறுப்புக் கட்டத்தில் நின்றால் ஆயுள் முழுக்கக் கறுப்புக் கட்டம்தான். பலகையின் 64 கட்டங்களில் 32 அவர் கண்ணில் படவே படாது.

சிப்பாய் இரண்டாம் வரிசையில் கிளம்பி எட்டாம் வரிசைக்குப் போக 6 அடி வைக்க வேண்டும். அக்காலத்தில் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டும் சலுகையும் இல்லை. அத்தனை வெட்டுக்குத்துக்கும் தப்பி அங்கே போய்ச் சேர்ந்தால் கிடைத்த பதவி அந்த மந்திரிப் பதவி ஒன்றுதான். தேராக ஆகலாமா? கூடாது. குதிரையாக ஆகலாமா? கூடாது. இவ்வளவு பாடுபட்டவனுக்கு இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றும். ஆனாலும் அந்த ஆட்டத்தில் தேரைத் தவிர மற்றக் காய்கள் நிதானமாக நகர்பவை. ஒரு மந்திரி கூடினாலே ஆட்டத்தின் போக்கு மாறிவிடும்.

இந்தப் பழைய வழக்கத்தைப் பார்க்க அரபு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வடக்கே எல்லையைத் தாண்டினால் போதும். தாய்லாந்தில் 'மாக்ருக்' என்ற சதுரங்கத்தை இன்றும் ஆடுகிறார்கள். அதில் சிப்பாய்க்குப் பெயர் 'பியா', அதாவது சோழி. நம் பாட்டிமார் தாயம் ஆடப் போடும் அதே சோழிதான்! அதைத்தான் பலகையில் சிப்பாயாக வைப்பார்கள். அவர்களின் சிப்பாய் மூன்றாம் வரிசையிலிருந்து கிளம்புகிறது. ஆறாம் வரிசைக்கு வந்ததுமே பதவி உயர்வு. 3 அடி வைத்தால் போதும். உடனே சோழியைப் புரட்டி மல்லாத்தி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது பழைய மந்திரியைப் போல் கோணலாக ஒரு கட்டம் போகும். புதுக்காய் தேட வேண்டிய வேலையே இல்லை!

பர்மாவில் 'சிட்டுயின்' என்ற ஆட்டம். அந்தப் பலகையில் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் கிழித்திருப்பார்கள். எதிரியின் பாதியில் அந்தக் கோடு போகும் கட்டங்களில்தான் சிப்பாய் பதவி பெறலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. தன் பக்கத்துச் சேனாதிபதி வெட்டுப்பட்டிருந்தால்தான் சிப்பாய் சேனாதிபதி ஆகலாம். அவர் உயிரோடு இருக்கும் வரை இவன் சிப்பாய்தான்.

ஒரு ராஜாவுக்கு இரண்டு ராணியா?

ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனதும் மந்திரி பெண்ணாகிவிட்டார்! சுவிட்சர்லாந்தில் ஐன்சீடெல்ன் என்ற ஊரில் ஒரு கிறிஸ்துவ மடம் இருக்கிறது. அங்கே கிடைத்த, சுமார் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த லத்தீன் செய்யுள் ஒன்றில்தான் சதுரங்கத்தில் 'ராணி' என்ற பெயர் முதன்முதலாக வருகிறது.

ராணி வந்ததும் ஒரு தர்மசங்கடமும் கூடவே வந்தது. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாக மாறினால், ஏற்கெனவே இருக்கும் ராணி என்னாவது? ஒரு ராஜாவுக்கு இரண்டு மனைவியா? மடத்துத் துறவிகள் இதை எப்படி ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே அந்தச் செய்யுள் விதித்தது இதுதான்: முதல் ராணி வெட்டுப்பட்டிருந்தால்தான் சிப்பாய் ராணியாகலாம். வேறு சிலர் வேறு வழி கண்டார்கள். பட்டத்து ராணிக்கு ஒரு பெயர், சிப்பாயாக இருந்து வந்தவளுக்கு வேறு பெயர் என்று வைத்துவிட்டார்கள். பெயரை மாற்றிவிட்டால் குற்றமில்லையாம்! சிப்பாய் ஆணாயிற்றே, அவன் எப்படி ராணி ஆவான் என்ற கேள்வி அவர்களை அவ்வளவாக உறுத்தவில்லை போலும்.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் விதியை மாற்றி, ராணிக்கு இன்றுள்ள பறக்கும் சக்தியைக் கொடுத்தார்கள். அதுவரை சிப்பாயின் பதவி உயர்வு ஒரு சின்னச் சலுகை. அன்று முதல் அதுவே ஆட்டத்தைத் தீர்த்து வைக்கும் ஆயுதமாகிவிட்டது. அதனால் கட்டுப்பாடும் கூடியது.

பிரான்சில் பிலிடோர் என்று ஒருவர் (1726-1795). பெரிய இசையமைப்பாளர், சதுரங்கத்தில் அக்காலத்தில் அவரை வெல்ல ஆளில்லை. 1749இல் அவர் வெளியிட்ட நூலில், ஆட்டத்தின் உயிரே சிப்பாய்களிடம்தான் இருக்கிறது என்று முதன்முதலாக எடுத்துக்காட்டியவர். அப்படிப்பட்டவரே சிப்பாயின் பதவி விஷயத்தில் கையை இறுக்கிவிட்டார். வெட்டுப்பட்டு வெளியே போன காய்களில் ஒன்றாகத்தான் சிப்பாய் மாறலாம் என்பது அவர் கொண்ட விதி. ராணி போயிருந்தால் ராணி. தேர் போயிருந்தால் தேர். எதுவும் போகவில்லை என்றால்? இத்தாலியர்கள் அதற்கும் விடை வைத்திருந்தார்கள். சிப்பாய் கடைசிக் கட்டத்தில் மரம்போல் நிற்க வேண்டும். தன் பக்கத்துக் காய் ஒன்று வெட்டுப்பட்டதும் அந்த இடத்தை அவன் எடுத்துக்கொள்வான்.

இது தோட்டத்து ஆட்களுக்கு விளக்க வேண்டிய சங்கதியே அல்ல. ஒரு பிரிவுக்கு ஒரு மண்டோர்தான். அவர் ஓய்வு பெற்றால், அல்லது கண்ணை மூடினால்தான் அடுத்தவருக்கு இடம். தகுதி வந்து பத்து வருடம் ஆனாலும் இடம் காலியாக வேண்டுமே! பிலிடோரின் சிப்பாயும் அப்படித்தான் காத்துக்கொண்டு நின்றான்.

மூன்று துள்ளல் துள்ள வேண்டிய கிராமம்

இந்த விதிகளிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியில் ஒரு கிராமத்தாருடையது. ஹால்பர்ஷ்டாட் நகருக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோபெக் என்று ஓர் ஊர். குடியானவர்கள் ஊர். 1011ஆம் ஆண்டில் அங்குள்ள ஒரு கோபுரத்தில் ஒரு பிரபுவைச் சிறை வைத்தார்கள் என்றும், அவர் பொழுது போகாமல் தமக்குக் காவல் நின்ற குடியானவர்களுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார் என்றும் கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, ஊரே சதுரங்கம் ஆடியது உண்மை. 1651இல் பிராண்டன்பர்க் அரசர் அந்த ஊருக்குப் பலகையும் காய்களும் பரிசளித்தார். 1823 முதல் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் ஒரு பாடம். 1991இல் ஊரின் பெயரையே 'சதுரங்கக் கிராமம்' என்று சேர்த்து மாற்றிக்கொண்டார்கள்.

அவர்களின் பழைய விதிப்படி, சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போனவுடன் ராணியாகிவிட முடியாது. அங்கே நிற்கும் வரை அவனை யாரும் வெட்டக்கூடாது, அது சரி. ஆனால் ராணியாக வேண்டுமானால் அவன் வந்த வழியே திரும்பி வர வேண்டும். எட்டிலிருந்து ஆறுக்கு ஒரு துள்ளல். ஆறிலிருந்து நாலுக்கு ஒரு துள்ளல். நாலிலிருந்து இரண்டுக்கு, அதாவது அவன் புறப்பட்ட அதே இடத்துக்கு, மூன்றாவது துள்ளல். வழியில் வேறு காய் நின்றால் தாண்டக்கூடாது. இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மகிழ்ச்சித் துள்ளல்'! வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் பட்டம். எல்லையில் வென்றவன் ஊருக்கு வந்து சொந்தக்காரர்கள் முன்னால் மாலை வாங்கிக்கொள்வது போல! இந்த விதியைச் செய்தவர் பண்டிதர் அல்லர், ஏர் பிடித்தவர் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் காற்று மாறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாரட் என்ற ஆசிரியர், சிப்பாய் எந்தக் காயாகவும் ஆகலாம், அது வெட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை என்று எழுதினார். அந்த விதி மெல்ல மெல்லப் பரவியது. ஆனால் 1847இல்கூட ரஷ்யா, ஜெர்மனி முதலிய நாடுகளில் பழைய கட்டுப்பாடே நடந்ததாக அக்கால நூலில் குறிப்பு இருக்கிறது.

1862இல் பிரிட்டிஷ் சதுரங்கச் சங்கம் வகுத்த விதி இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. விரும்பினால் சிப்பாய் எந்தக் காயாகவும் ஆகலாம். விரும்பாவிட்டால் சிப்பாயாகவே நின்றுவிடலாம் என்றது! யாராவது பதவியை வேண்டாம் என்பார்களா? காரணம் இருக்கிறது. ராஜாவுக்கு 'செக்' இல்லை, ஆனால் அவருக்கோ மற்றக் காய்களுக்கோ நகர வழியே இல்லை என்றால் ஆட்டம் சரிசமம். தோற்கிற நிலையில் இருப்பவனுக்கு அது வரப்பிரசாதம். நகரக்கூடிய புதுக்காய் ஒன்றை வாங்கி அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வானேன்? நகராத சிப்பாயாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். முதல் உலக வெற்றியாளரான ஸ்டைனிட்ஸ்கூட 1889இல் இந்த விதியை ஆதரித்து எழுதினார். இந்த விதியில் ஓர் ஓட்டையும் இருந்தது. புதுக்காய் எந்த நிறம் என்று எழுத மறந்துவிட்டார்கள். வெள்ளைச் சிப்பாய் கறுப்புக் குதிரையாகலாமா என்று புதிர் போடுகிறவர்கள் கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள்!

ராணி வேண்டாம் என்ற பாதிரியார்

'எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம்' என்ற உரிமையால் என்ன பயன், எல்லாரும் ராணியைத்தானே எடுப்பார்கள் என்று கேட்கலாம். பலகை இருந்தால் இதை வைத்துப் பாருங்கள். நான்கே காய்கள். இடது ஓரத்து நேர்வரிசையை 1 என்று எண்ணிக்கொள்ளுங்கள். கீழே வெள்ளை ஆடுபவர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை ராஜா இரண்டாம் நேர்வரிசையில், கீழிருந்து ஆறாவது கட்டம். வெள்ளைச் சிப்பாய் அவருக்கு வலப்பக்கத்துக் கட்டத்தில். கறுப்பு ராஜா இடது கீழ் மூலையில். கறுப்புத் தேர் நான்காம் நேர்வரிசையில், ஐந்தாவது கட்டம். வெள்ளை நகர்த்த வேண்டும்.

சிப்பாய் ஒரு அடி முன்னே போகிறது. தேர் கீழே இறங்கி இறங்கி 'செக்' வைக்கிறது. வெள்ளை ராஜாவும் படிப்படியாக இறங்கி, கடைசியில் சிப்பாய் நிற்கும் மூன்றாம் நேர்வரிசையில் இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிடுகிறார். இப்போது தேர் தந்திரமாக நான்காவது கட்டத்தில் போய் நிற்கிறது. சிப்பாய் ராணியானால், தேர் ஒரு கட்டம் இடப்பக்கம் வந்து 'செக்' சொல்லும். ராணி அதை வெட்டியே தீர வேண்டும். வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. ஆட்டம் சரிசமம்!

இது சரிசமம்தான் என்று 1895இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பத்திரிகை ஒன்றில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஊரில் வாழ்ந்த சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் அதைப் பார்த்தார். ராணி வேண்டாம், தேராக மாற்றுங்கள் என்றார். அவ்வளவுதான்! தேர் என்றால் அந்தக் கண்ணி விழாது, வெள்ளைக்கே வெற்றி. பாதிரியார் பெரிய ஆட்டக்காரர் அல்லர். அந்த ஒரே நகர்த்தலால் 100 ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெயர் நிலைத்து நிற்கிறது.

எந்த வரிசையில் போனாயோ அந்தக் காய்

இனி இந்தியாவுக்கு வருவோம். ஆட்டம் பிறந்த நாட்டில் விதி எப்படி இருந்தது? இடத்துக்கு இடம் மாறினாலும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. சிப்பாய் எந்த நேர்வரிசையில் போய்ச் சேர்கிறதோ, அந்த வரிசைக்குரிய காயாகத்தான் ஆகலாம். ஓரத்து வரிசையில் போனால் தேர். அடுத்ததில் போனால் குதிரை. நடுவில் போனால்தான் மந்திரி. பிறந்த இடத்தைப் பொறுத்துத்தான் பதவி! சில இடங்களில் அந்தக் காய் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதுவரை ஒரு கட்டம் முன்னாலேயே காத்து நிற்க வேண்டும். சிப்பாய் எப்போதும் ஓர் அடிதான் வைக்கும்.

இந்த விதிகளில் ஊறி வளர்ந்தவர் மீர் சுல்தான் கான். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் பகுதியில் மித்தா திவானா என்ற ஊர்க்காரர். தகப்பனாரிடம் ஆட்டம் கற்றார். சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலக்கிழார் அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளைப் பழகச் செய்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றார். 1929இல் அந்த நிலக்கிழாரோடு லண்டனுக்குக் கப்பலேறினார்.

ஆங்கிலம் சரிவரத் தெரியாது. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று ஐரோப்பியர்கள் எழுதிக் குவித்த நூல்களைப் படித்தவரும் இல்லை. சிப்பாய் ஒவ்வோர் அடியாக நகரும் நிதானமான ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு, எடுத்த எடுப்பில் பாயும் அவர்களின் தொடக்கம் எப்போதும் கொஞ்சம் சிரமமாகவே இருந்தது. ஆனால் காய்கள் குறைந்து, ராஜாவும் சிப்பாய்களும் மிஞ்சும் கட்டம் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. போன அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932இலும் 1933இலும் மறுபடி வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், உலக வெற்றியாளராக இருந்த கபாபிளாங்காவையே தோற்கடித்தார். உலக ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்தின் முதல் பலகையில் உட்கார்ந்தது இவர்தான். அதே குடும்பத்தாரோடு போன பாத்திமா என்ற பெண்மணி 1933இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1933 முடியும்போது நிலக்கிழார் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அத்தோடு ஐரோப்பாவில் அவர் ஆட்டம் முடிந்தது. மிச்ச வாழ்நாளைத் தம் ஊரில் நிலம் பார்த்துக்கொண்டு கழித்தார். 1966இல் காலமானார். உலகச் சதுரங்க அமைப்பு 1950இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்கத் தொடங்கியபோது, அவர் வென்ற ஆட்களில் சிலர் அந்தப் பட்டம் பெற்றார்கள். அவர் உயிரோடுதான் இருந்தார், அவருக்குத் தரவில்லை. கௌரவ கிராண்ட்மாஸ்டர் என்று அறிவித்தது 2024இல். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்து 91 ஆண்டுகள் கழித்து!

கவிழ்த்து வைத்தால் என்ன ஆகும்?

இன்றைய விதி எளிது. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணி, தேர், யானை, குதிரை ஆகிய நான்கில் ஒன்றாக உடனே மாற வேண்டும். சிப்பாயாக நிற்கக்கூடாது, ராஜாவாகவும் ஆகக்கூடாது. வெட்டுப்பட்ட காயாக இருக்க வேண்டியதில்லை. கணக்குப்படி ஒரே ஆள் 9 ராணி வைத்திருக்கலாம்.

ஆனால் பெட்டியில் ஒரு ராணிதானே இருக்கிறது? வீட்டில் ஆடும்போது பிள்ளைகள் தேரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து 'இது ராணி' என்பார்கள். வீட்டில் அது செல்லும். போட்டிக்குப் போகும் பிள்ளையிடம் மட்டும் கட்டாயம் சொல்லி வையுங்கள்: விதிப்படி, கவிழ்த்து வைத்த தேரும் தேர்தான்!

2017இல் கனடா நாட்டுச் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் இதே தகராறு நடந்தது. நேரம் நொடிக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நோரிட்சின் என்பவரின் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. மேசையில் ராணியைத் தேடினார், காணோம். அவசரத்தில் ஒரு தேரைக் கவிழ்த்து வைத்து, ராணி என்று சொல்லிவிட்டார். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, இது தேர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது, பட்டம் எதிராளிக்குப் போனது. வெட்டுப்பட்ட அந்த ராணி எதிராளியின் கைக்குள் இருந்தது பிறகு படத்தில் தெரிந்தது. முறையீடு செய்தும் முடிவு மாறவில்லை.

அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, நடுவரிடம் ஒரு ராணியைக் கேட்டிருக்க வேண்டும். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. உங்கள் பிள்ளை அடுத்த முறை பள்ளிப் போட்டிக்குக் கிளம்பும்போது, உதிரியாக ஒரு வெள்ளை ராணியும் ஒரு கறுப்பு ராணியும் பையில் இருக்கட்டும்.